இலவசமாய்க் கிடைத்ததற்குக் கடன் உண்டா?



கல்யாணப் பத்திரிகை, திருநாள் நோட்டீஸ் முதலியவற்றைக் கம்ப்யூட்டரில் தயாரித்துக் கூலி பெறும் ஒரு வாலிபனின் தாயார் சமீபத்தில் ஒரு சந்தேகம் கேட்டார். பின்னணிக்குப் போடும் பூவேலை, மரத்தின் ரேகை, துணி நெசவு போன்ற சித்திரங்களை மகன் இன்டர்நெட்டிலிருந்து இலவசமாக எடுக்கிறானாம். காசு கொடாமல் எடுத்ததைக் கொண்டு காசு சம்பாதிப்பது பாவமா?

நல்ல கேள்வி. ஆனால் ஒரே சொல்லில் விடை சொல்லக் கூடியதல்ல.

முதலில் அந்தப் பொருள் இன்னதென்று அறிய வேண்டும். பக்கம் முழுவதையும் நிரப்புகிற அந்தப் பின்னணி உண்மையில் ஒரு சிறு சதுரமே. 256 புள்ளி நீளமும் அகலமும் இருந்தால்கூடப் போதும். தரையில் ஓடு பதிப்பதுபோல் கம்ப்யூட்டர் அதையே திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டு போகும். வலது ஓரத்தில் அறுபட்ட இலை இடது ஓரத்திலிருந்து தொடர வேண்டும். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் அவ்வாறே பொருந்த வேண்டும். இதற்காகப் படத்தைப் பாதியளவு நகர்த்தி, ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவருவார்கள். அங்கே சிலுவைபோல் தெரிகிற ஒட்டுக்கோட்டைக் கொஞ்சங் கொஞ்சமாய் அழித்துச் சரிப்படுத்துவார்கள். வேலை நன்றாயிருந்தால், வேலை நடந்ததே தெரியாது. ஆகையினால்தான், இதைச் செய்தவன் ஒருவன் உண்டென்கிற நினைவே நமக்கு வருவதில்லை.

‘இலவசம்’ என்ற சொல்லுக்குள் பல வகை உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற ஸ்தாபனம் 2002 முதல் வெளியிட்ட உத்தரவுகளில் ஒன்று, ஆக்கியோன் பெயரைக் குறிப்பிட்டால் வியாபாரத்துக்கும் உபயோகிக்கலாம் என்கிறது. இன்னொன்று வியாபாரத்துக்குக் கூடாது என்கிறது. 2009-ல் வந்த சி.சி. ஸீரோ என்பதோ பெயர்கூட வேண்டாம் என்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017-ல் 3,75,000-க்கு மேற்பட்ட படங்களை இந்தக் கடைசி வகையில் உலகத்துக்குக் கொடுத்துவிட்டது.

வியாபாரத்துக்குக் கூடாது என்று எழுதியிருக்க, அதை எடுத்துக் கூலி வேலையில் சேர்ப்பது உடையவன் சித்தத்துக்கு விரோதமாய் எடுப்பதுதான். இங்கே நிபந்தனையே கிரயம். அப்படிச் செய்தவன் உடையவனுக்கு எழுதிச் சம்மதம் பெறவேண்டும். நியாயமானது எதுவோ அதைக் கொடுத்து ஈடு செய்யவேண்டும். நிபந்தனையைக் காத்தவனோ தன் உழைப்புக்குக் கூலி வாங்குவதில் குற்றமில்லை.

ஒன்றுமே வேண்டாம் என்று கொடுத்தவனுக்கு என்ன கடன்? 13-ம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் சட்டம் கட்டாயப்படுத்தும் கடனையும் நன்றியினால் உண்டாகும் கடனையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டினார். முதலாவது இங்கே தீர்ந்துபோயிற்று. இரண்டாவது இருக்கிறது, ஆனால் அதை எவரும் பிடுங்கி வாங்க முடியாது. பெயர் போடாமல் விட்டவனைக் கள்ளன் என்று நான் சொல்லமாட்டேன்.

‘நானே வரைந்தேன்’ என்று சொல்வது வேறு சங்கதி. கொடுத்தவன் தன் உரிமையை விட்டானேயன்றி, வாடிக்கைக்காரரிடம் பொய் சொல்ல நமக்கு அனுமதி தரவில்லை. அப்படி அனுமதி தர அவனால் ஆகவும் ஆகாது. ஏமாறுகிறவர் வாடிக்கைக்காரர் அல்லவா! நமது தேசத்தின் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டமும் தன் 57-ம் பிரிவில், படைப்பை விற்றுவிட்ட பிறகுங்கூட ‘இதைச் செய்தவன் நான்’ என்று சொல்லும் உரிமை ஆக்கியோனுக்கு உண்டென்கிறது.

பத்திரிகையில் பெயர் போட இடமில்லை என்பார் சிலர். அந்த உத்தரவே, பொருளுக்கு ஏற்றபடி நியாயமான எந்த விதத்திலும் குறிப்பிடலாம் என்று இடங்கொடுக்கிறது. பின்பக்கத்து அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி போதும். அச்சகத்தார் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வதும் அங்கேதான்; இடமில்லையென்று அவர்கள் விட்டதாக நான் பார்த்ததில்லை.