நம் ஈமானும் பிறர் ஊர்வலமும்

ஒரு ஜும்ஆ முடிந்ததும் இளைஞர் ஒருவர் தயங்கியபடி என்னிடம் வந்தார். "ஹஜ்ரத்! கோயில் ஊர்வலம் பொதுத் தெருவில் போகிறது. அது ஷிர்க் என்று தெரிந்தும் தடுக்காமலிருந்தால் என் ஈமானுக்குக் குறைவு வருமா?" என்று கேட்டார். "தீமையைக் கண்டால் தடுப்பது கடமை" என்று சட்டெனச் சொல்லிவிட்டேன். வீடு திரும்பியபின் அந்தப் பதில் மனத்தை உறுத்தியது. நான் சொன்னது ஹதீஸின் கருத்துத்தான். ஆனால் அவர் கேட்டதற்கு அதுதான் விடையா?

இது கற்பனைக் கேள்வியன்று. பெரம்பலூர் மாவட்டம் வ.களத்தூரில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதியில், கோயில் திருவிழாவின் மூன்று நாள் ஊர்வலம் 2011 வரை நடந்து வந்தது. 2012 முதல் நம்மவர்கள் ஆட்சேபித்தனர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. 2021இல் நீதிபதிகள் கிருபாகரன், வேல்முருகன் ஆகியோர் பொதுத் தெருவில் ஊர்வலம் செல்வதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தனர். ஓரிடத்தில் அதிகமாக இருப்போர் மற்றவர் விழாவைத் தடுக்கலாம் என்றால், நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் சிறுபான்மையினர் எந்த விழாவையும் நடத்த இயலாது என்பதையும் சுட்டிக்காட்டினர்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பெரும்பாலான ஊர்களில் நாம் சிலரே. நமது பாங்கொலியும் ஜனாஸாவும் அந்தத் தெருக்களில்தானே செல்கின்றன?

நீதிமன்றம் கூறியது இருக்கட்டும். மார்க்கம் என்ன கூறுகிறது? இங்கே இரண்டு கேள்விகள் கலந்துவிட்டன. அல்லாஹ் அல்லாதவரை வணங்கலாமா என்பது ஒன்று. அதில் முஃமினுக்கு எள்ளளவும் ஐயமில்லை. அப்படி வணங்குபவரைப் பொதுவழியில் மறிக்க எனக்கு உரிமை உண்டா என்பது மற்றொன்று. முதலாவது வஹீ தந்த உறுதி. இரண்டாவதில் நாம் எடுப்பது நம் சொந்தக் கணிப்பு. ஈமானின் உறுதியைத் தூக்கி நம் கணிப்பின்மேல் வைத்து விடுகிறோம். என் பிழையும் இதுவே.

கணிப்பில் தவறு நேரலாம் என்பதை மார்க்கமே ஒப்புக்கொள்கிறது. ஹிஜ்ரி 5இல், பனூ குறைழாவை அடைந்த பின்னரே அஸர் தொழவேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். வழியிலேயே நேரம் வந்துவிட்டது. சில ஸஹாபாக்கள் வழியில் தொழுதனர். சிலர் அங்கே சென்றே தொழுதனர். நபியவர்கள் எவரையும் கண்டிக்கவில்லை. இஜ்திஹாத் செய்து தவறியவருக்கும் ஒரு நன்மை உண்டு என்றும் அறிவித்தார்கள். தம் முவத்தாவை எல்லோர் மீதும் சட்டமாக்க கலீஃபா விரும்பியபோது இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மறுத்துவிட்டதாகக் கூறப்படுகிறது. அத்தகைய பேரறிஞரே அஞ்சினார் என்றால் நாம் எம்மாத்திரம்?

"அவை முஸ்லிம்களுக்குள் எழுந்த வேறுபாடுகள் அல்லவா?" என்று கேட்கலாம். பிற சமயத்தார் விஷயத்தில், மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்றும், அவர்கள் அழைப்பவற்றை ஏசக்கூடாது என்றும் திருக்குர்ஆன் போதிக்கிறது. ஜெரூசலத்தில் தேவாலயத்தினுள் தொழ அழைக்கப்பட்டபோது, பிற்காலத்தில் முஸ்லிம்கள் அதைப் பள்ளிவாசலாக்கிக் கொள்வார்களோ என்று அஞ்சி உமர் (ரலி) அவர்கள் வெளியே தொழுதார்கள் என்பது வரலாறு. தமது தொழுகையே பிறர் உரிமையைப் பறித்துவிடக் கூடாது என்று நினைத்த உள்ளம் அது!

தீமையைத் தடுக்கும் கடமைக்கும் ஆலிம்கள் நிபந்தனை விதித்துள்ளனர். கையால் தடுப்பது அதிகாரம் உடையவருக்குரியது. தடுப்பதால் அதைவிடப் பெரிய தீமை விளையக் கூடாது. ஊர் இரண்டாகி, பிள்ளைகள் வழக்கில் சிக்கி, பக்கத்து வீட்டார் முகம் திருப்புவது சிறிய தீமையா?

இதனால் எல்லா வழிகளும் ஒன்றே என்று நான் கூறவில்லை. ஊர்வலத்தில் கலந்து வணங்குவது நமக்கு ஆகாது. ஆனால் வழிவிடுவது வணக்கமன்று. தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் அருகே மேளத்தை நிறுத்துமாறு முன்கூட்டியே அன்போடு கேட்கலாம். அண்டை வீட்டார்க்குச் செய்யும் மரியாதை எங்கே முடிகிறது, கலந்துகொள்வது எங்கே தொடங்குகிறது என்பதில் எனக்கும் சில இடங்களில் ஐயம் உண்டு. ஐயம் வரும்போது, என் நஃப்ஸைக் கட்டுப்படுத்துவதில் கடுமையாகவும் பிறரைத் தடுப்பதில் தயக்கமாகவும் இருப்பதே பேணுதல் என்று கருதுகிறேன்.

மறு வெள்ளிக்கிழமை அந்த இளைஞரைத் தேடிச் சென்று, "தம்பி, அன்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். வழிவிடுங்கள், உங்கள் ஈமானுக்குக் குறைவில்லை" என்றேன்.

வல்ல அல்லாஹ் நமக்கு உறுதியான ஈமானையும் பணிவான அறிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.