நெல்லிக்கனியும் வெள்ளை எலியும்



நான் வாழும் தருமபுரி, பண்டு தகடூர் எனப் பெயர் பெற்றிருந்தது. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், இங்கே சமணப் பள்ளி விளங்கியதைக் கல்வெட்டு உரைக்கின்றது. அதற்கும் முன்னர் இவ்வூரை ஆண்ட அதியமான், நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்தான். இக்கதையை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லியவள் நான். தன் ஆயுளைப் பிறர்க்கு ஈதல் அறம் என்றேன். பிற உயிரின் ஆயுளைக் கொண்டு தன் ஆயுளை நீட்டுதல் யாது என்று எவரும் என்னை வினவியதில்லை. சென்ற ஆண்டு என் பேத்தி வினவினாள்.

அவள் மருந்தியலில் முதுநிலைப் பட்டம் பயில்கின்றாள். எலிக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் என்னும் பொருளை ஊசியால் செலுத்தினால், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் அழிந்து சர்க்கரை நோய் உண்டாகும். பின்னர்ப் புதிய மருந்தைக் கொடுத்துப் பார்ப்பர். முடிவில் எலியைக் கொன்று உறுப்புகளை ஆராய்வர். “நீங்கள் நாள்தோறும் விழுங்கும் மாத்திரையும் விலங்குகளிடம் சோதித்த பிறகுதானே வந்தது, பாட்டி? இதை நான் செய்யலாமா?” என்றாள். என்னால் உடனே விடை கூற இயலவில்லை.

நம் தமிழகமே இதற்குச் சான்றாகும். 1920-களில் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே ஊட்டினார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கலந்த சீக்கியர் உணவை உண்டவை செழித்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை மெலிந்தன. அவருடைய ஆய்வுக்கூடமே 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. “தீட்டாத அரிசி உண்ணுங்கள், கேழ்வரகை இகழாதீர்” என்று நான் பிள்ளைகளுக்குக் கற்பித்த பாடத்தின் பின்னே அந்த எலிகளும் இருந்தன. அதனை நான் அறியாமலே கற்பித்தேன்.

இல்லறத்தார்க்கு நேரும் ஹிம்சையை நம் பெரியோர் நான்காக வகுத்தனர். வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்தியோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. எண்ணித் துணிந்து செய்வது சங்கல்பி. முதல் மூன்றையும் இல்லறத்தார் முற்றும் விலக்க இயலாது. சங்கல்பியை விலக்கியே ஆக வேண்டும். ஆய்வும் ஒரு தொழில்தானே, அது உத்தியோகி ஆகாதா எனச் சிலர் கேட்கலாம். உழவன் ஏர்முனையில் புழு மடிவதை விரும்புவதில்லை. ஆய்வாளரோ எலிக்கு நோய் வருவதையே நாடுகின்றார். நோய் வாராவிடில் அவருக்கு ஆய்வே இல்லை. ஆதலின் அதனைச் சங்கல்பி என்றே யான் கொள்வேன். எலியும் ஐம்பொறியும் மனமும் உடைய உயிரன்றோ!

எனினும் ஆய்வாளரை மட்டும் பழித்து நாம் தப்ப இயலாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவழியும் வந்து ஒட்டும். மாத்திரையை விழுங்கும் எனக்கும் அதில் பங்குண்டு. அதற்காக நோயுற்றோர் மருந்தை விடுக என்று சொல்லேன். தன்னுயிரைப் பேணுதலும் கடமையே. கடனை மறவாதிருத்தலே வேண்டுவது.

அக்கடனைக் குறைக்க வழியும் உண்டு. 1959-இல் இரசல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர், விலங்குக்கு மாற்று தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என மூன்று நெறிகளை வகுத்தனர். நம் நாட்டில் 1998-ஆம் ஆண்டு விதிகள், ஆய்வு நிறுவனங்களில் நெறிமுறைக் குழு இருத்தல் வேண்டும் என்றன. 2014-இல் அழகுப் பொருள்களுக்காக விலங்குகளைச் சோதித்தல் தடை செய்யப்பட்டது. 2023-இல் திருத்திய மருந்து விதிகள், விலங்கின்றிச் செய்யும் சோதனைகளுக்கும் இடமளித்தன. அறம் மெல்ல நடக்கின்றது, ஆயினும் நடக்கின்றது.

நம் கையில் உள்ளதோ நாவடக்கம். வயிறு நிறையுமுன் எழுதலை நம் சமயம் தவம் என்கின்றது. சர்க்கரை நோய் எல்லார்க்கும் உணவால் மட்டும் வருவதன்று. ஆயினும் மிகையுண்டியால் நேர்வதைத் தடுக்கலாம். நாம் தவிர்க்கும் ஒவ்வொரு நோயும் மருந்தின் தேவையைக் குறைக்கும்.

பேத்திக்கு இவ்வளவும் சொல்லி, “முடிவு உன்னுடையது, அம்மா” என்றேன். அவள் தன் வழிகாட்டியிடம் பேசி, கண்ணாடிக் கலத்தில் வளர்க்கும் உயிரணுக்களைக் கொண்டு ஆராயும் பொருளுக்கு மாறினாள். ஆறு திங்கள் வீணாயின. வீட்டிலும் வருத்தம் எழுந்தது. அவள் வருந்தவில்லை.

நான் இன்றும் மாத்திரை உண்கின்றேன். உண்ணுமுன் ஒரு கணம் கண்மூடி, பெயரறியா அவ்வுயிர்களிடம் மன்னிப்பு வேண்டுகின்றேன். இரவு உணவைக் கதிரவன் மறையுமுன் ஒரு கைப்பிடி குறைத்தே முடிக்கின்றேன். நீங்களும் அவ்வாறே செய்து பாருங்கள்.

எல்லா உயிரும் அச்சமின்றி வாழ்க! அருகன் அறம் வளர்க!