சம்மதம் யாருடையது?

நம் சட்டைப் பையிலிருக்கும் கைத்தொலைபேசி நம் பணத்தில் வாங்கியது. ஆனால் அதனுள் இருப்பவை யாவும் நம்முடையவை ஆகுமா? மைத்துனர் கடன் கேட்டு எழுதிய செய்தி, பேத்தி பள்ளிச் சீருடையில் நிற்கும் படம், அடுத்த வீட்டு அம்மாவின் மருத்துவச் சீட்டு, இன்னும் சில நூறு பேருடைய தொலைபேசி எண்கள். இவை நம்மிடம் வந்து சேர்ந்த அமானிதங்கள் அல்லவா?

"எனக்கு மறைப்பதற்கு ஒன்றுமில்லை, ஆகவே பயமுமில்லை" என்று சிலர் பெருமையாகக் கூறுவர். தம்மைப் பற்றி அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேள்வி அவர்களைப் பற்றியதன்று.

2018ஆம் ஆண்டு உலகையே உலுக்கிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தைப் பாருங்கள். பேஸ்புக்கில் குணநலனை அறியும் வினாவிடைச் செயலி ஒன்று இருந்தது. அதை ஏற்றுக்கொண்டவர்கள் சுமார் 270,000 பேர். விவரம் பறிபோனவர்களோ, பேஸ்புக் நிறுவனமே கணித்தபடி, 8 கோடியே 70 லட்சம் பேர் வரை! எப்படி? செயலியை ஏற்றவருடைய நண்பர்களின் விவரங்களையும் அள்ளிக்கொள்ள அன்றைய விதி இடங்கொடுத்தது. சம்மதித்தவர் ஒருவர், பறிகொடுத்தவர் நூற்றுக்கணக்கானோர். 2019இல் அமெரிக்க அரசு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. அப்பணமும் அரசாங்கக் கஜானாவுக்கே சென்றது.

அந்த வாசல் அடைபட்டுவிட்டது. ஆயினும் புதுச் செயலி ஒன்று, "உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா?" என்று கேட்கும்போது நாம் யோசியாமல் ஆமென்று அழுத்துகிறோமே, அந்தச் சில நூறு பேரும் ஆமென்றார்களா?

சட்டம் இல்லையா எனலாம். மலேசியாவில் 2010ஆம் ஆண்டுச் சட்டமும், சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் தனிநபர் விவரங்களைக் காக்கின்றன. சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரும் அவசியமோ அதையொத்த தேவையோ இல்லாமல் அடையாள அட்டை எண்ணைக் கடைக்காரர் வாங்கவும் கூடாது. ஆனால் இரு சட்டங்களும் சொந்தக் குடும்பக் காரியங்களில் தலையிடுவதில்லை. அதுவே நியாயமும் கூட. நம் வீட்டுக் கூடத்தில் அதிகாரி வந்து உட்காருவதை யார் விரும்புவார்? ஆகவே குடும்பப் பயணத்துக்கு டிக்கெட் எடுக்கும் மாமா, எல்லாருடைய பாஸ்போர்ட் படங்களையும் 80 பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அவரைக் கேட்பார் இல்லை.

போட்டவருக்குப் பெரும்பாலும் நஷ்டமும் இல்லை. "நான் யார் தெரிகிறதா?" என்று பழகிய குரலில் பேசிப் பணம் பறிக்கும் மோசடிக்காரனுக்கு வேண்டியது, யார் யாருக்கு என்ன உறவு, யார் ஊரில் இல்லை என்ற துணுக்குகளே. அவற்றை எழுதியவர் பேரன். பணத்தை இழப்பவர் பாட்டி.

அப்படியானால் எதையுமே சொல்லக் கூடாதா? மௌத்துச் செய்தியை மறைத்தல் தகாது. ஜனாஸா நேரம் ஊருக்குத் தெரிய வேண்டும். ஒருவர் நோயுற்றார் என்று சொன்னால் நாலு பேர் துஆச் செய்வர், உதவுவர். ஆனால் மூக்கில் குழாயோடு மயங்கிக் கிடப்பவரின் படம் எதற்கு? செய்திக்கு அது அவசியமில்லை. அவரைக் கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரா? கேட்க முடியாத நிலையிலிருப்பவர் அவர். பதில் இல்லாமையைச் சம்மதமாகக் கொள்வது பெண் பேசும் சபையில் பொருந்தலாம். மருத்துவமனைக் கட்டிலில் பொருந்தாது.

குழந்தைகளின் நிலை இன்னும் சிக்கலானது. பெற்றோர் தானே உரிமையாளர் என்பர். பிள்ளையின் சொத்துக்குப் பெற்றோர் காவலர். விற்றுத் தின்ன உரிமையுடையவர் அல்லர். அதன் முகமும் அவ்வாறே என்பது என் கருத்து. குளிக்கும் தொட்டியில் எடுத்த படத்தைப் பதினைந்து வயதில் மகள் கண்டு, "அத்தா, இதை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டால், தந்தை தம் பக்கத்திலிருந்து அழித்துவிடலாம். பத்தாண்டுகளுக்கு முன் அதைச் சேமித்துக்கொண்டவர்கள் யார் யாரென்று அவருக்கே தெரியாது.