கடலைக் காய்ச்சும் கணக்கு

அலுவலகக் கூட்டத்தில் யாராவது கொஞ்சம் பெரிதாகத் திட்டம் போட்டால் போதும், ‘டோன்ட் பாயில் தி ஓஷன்’ என்று மேலாளர் அடக்கிவிடுவார். கடலைக் காய்ச்சப் பார்க்காதே, அகலக்கால் வைக்காதே என்று அர்த்தம். எல்லோரும் தலையாட்டுவோம். ஆனால் எஸ்டிமேட்கூடப் போட்டுப் பார்க்காமல் ஒரு திட்டத்தைத் தள்ளுபடி செய்வது நிர்வாகத்துக்கு அழகா?

போட்டுப் பார்த்தேன். உலகக் கடல்களில் இருப்பது சுமார் 133 கோடி கன கிலோமீட்டர் தண்ணீர். மேலே வெதுவெதுப்பாக இருந்தாலும் ஆழத்தில் ஒரே குளிர். சராசரி 4 டிகிரி வந்தால் அதிகம். இன்று உலகம் முழுக்கச் செலவாகும் எரிசக்தி அத்தனையையும் இந்த ஒரே அடுப்பில் போட்டாலும், கொதி வர ஏறக்குறைய ஒன்பது லட்சம் ஆண்டு ஆகும். அதுவரை யாரும் வண்டி ஓட்டக் கூடாது, விளக்குப் போடக் கூடாது, காபி கூடவே கூடாது. சுண்ட வைக்க இன்னும் ஐந்தாறு மடங்கு. கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்து குடல் வற்றிச் செத்த கொக்குக்கு இந்தக் கணக்கை யாரும் காட்டவில்லை போலும்.

முன்னோடி இல்லாமல் இல்லை. வழி கேட்டும் வருணன் வராத கோபத்தில் ராமன் அம்பு விட்டுக் கடலையே கொதிக்க வைத்தான்; கம்பர் அதற்கு ஒரு படலமே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் படை இலங்கைக்குப் போனது வற்றிய கடல்வழியாக அல்ல, நளன் கல்லும் மலையுமாக அடுக்கிக் கட்டிய அணைமேல். ராமபாணம் கையில் இருந்தவனுக்கே மாற்றுத் திட்டம் தேவைப்பட்டது.

அதற்காக மேலாளர் சொல்வதை நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் கடலைக் காய்ச்சுவதே ஊருக்குப் பிழைப்பு. அடுப்பு, வெயில். லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பிருக்கும் நீரைத் தேக்கி, ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, அடர்த்தி ஏறுவதை அளந்துகொண்டே வருவார்கள். சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும். அடர்த்திமானி 25 டிகிரியைத் தொடும் வாக்கில் உப்பு விளையத் தொடங்கும். பலகையால் வாரிக் கரையேற்றுவார்கள், கால் வெடிக்க வெடிக்க. முப்பதை எட்டுவதற்குள் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் கிடைக்குமே என்று விட்டுவைத்தால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும்.

பெரிய ஆசையில் தப்பில்லை என்பதே என் கட்சி. நம் திட்ட அறிக்கைகளில் கடல் இருக்கிறது, கெடு தேதி இருக்கிறது. எந்த டிகிரியில் வடிப்பது என்பதுதான் இல்லை. அடுத்த கூட்டத்தில் அதைக் கேட்டுப் பாருங்கள். இன்க்ரிமென்ட் சமயமாக மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.