மலைமீது ஏறிப் பாருங்கள், இறங்கும்போதும் பாருங்கள்



கவலையை விட்டுவிடும்படி நம் ஆண்டவர் போதித்த இடம் ஒரு மலை. புனித மத்தேயுவின் நற்செய்தியில் 5ம், 6ம், 7ம் அதிகாரங்களில் வரும் போதனையை மலைப்பொழிவு என்று நாம் அழைப்பது அதனாலேயே. மரபு குறிப்பிடும் அந்தக் குன்று கலிலேயாக் கடலின் ஓரத்தில் இருக்கிறது. 1938ம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட எண்கோண ஆலயம் ஒன்று, எட்டுப் பேறுகளையும் நினைவூட்டிக்கொண்டு இன்றும் அங்கே நிற்கிறது. மாரி மழை ஓய்ந்து மாசி, பங்குனி மாதங்கள் வந்தால் அக்குன்றுகள் பச்சைப் போர்வை போர்த்துக்கொள்ளும். புல்வெளியெங்கும் செந்நிற அனிமோன் மலர்கள் பூத்துக் குலுங்கும். ஆபிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பும் நாரைகள் கூட்டங்கூட்டமாக அவ்வழியே பறக்கும். வைகாசி பிறந்ததும் வெயிலிற் புல்லும் பூவும் காய்ந்துவிடும். ஒருநாள் மலர்ந்து மறுநாள் அடுப்பெரிக்கும் புல்லைப்பற்றி ஆண்டவர் பேசியபோது, கேட்டவர்கள் நன்கறிந்த ஒன்றையே அவர் எடுத்துக்காட்டினார்.

அங்கே அவர் இரண்டு கட்டளைகள் கொடுத்தார். வானத்துப் பறவைகளைப் பார்க்கச் சொன்னார். காட்டு மலர்கள் வளரும் விதத்தைக் கவனிக்கச் சொன்னார். மலர்களைப்பற்றிச் சொன்ன இடத்திற் கிரேக்க மூலத்தில் வரும் சொல், மாணவன் தன் பாடத்தைக் கற்பதுபோல் ஊன்றிக் கற்பதைக் குறிக்கிறது. அப்படியானால் இது வீட்டுக்குள் இருந்துகொண்டு நிறைவேற்றக்கூடிய கட்டளையன்று. எழுந்து போகவேண்டும், நின்று பார்க்கவேண்டும்.

நமது நாட்டிலும் அதற்கு இடமுண்டு. பாஸ்குத் திருநாள் முடிந்தபின் பங்குகளிலிருந்து இளைஞர்களும் மறைக்கல்வி மாணவர்களும் நுவரெலியாவுக்குப் புறப்படுவது வழக்கம். சித்திரை மாதம் அங்கே 'சீசன்'. பூக்கண்காட்சியையும் குதிரைப் பந்தயத்தையும் கண்டுவிட்டுத் திரும்புகிறவர்கள், ஒருநாளை ஒதுக்கி, விடியற்காலையில் ஹோர்ட்டன் சமவெளிக்குச் சென்று நடப்பார்களானால், ஆண்டவர் குறிப்பிட்ட பள்ளிக்கூடத்திற் சேர்ந்தவர்களாவார்கள். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் உயர்ந்திருக்கும் அந்த நிலம் 1988ல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக 2010ல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்து நீர் ஓடிவருகிறது. உலகமுடிவு என்னும் செங்குத்துப் பாறைவரை போய்ச் சுற்றிவர ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர் நடக்கவேண்டும்.

அந்த நடையில் நாம் கற்கும் முதற் பாடம் ஒரு மரத்தினுடையது. சிங்களத்தில் இதனை மகா ரத்மல் என்பார்கள்; பெரிய செம்மலர் என்பது பொருள். காற்று ஓயாது வீசும் வெளியில் இம்மரம் நிற்கிறது. தை மாதத்து இரவுகளில் உறைபனி அதன்மீது படிகிறது. அடிமரம் முறுகி வளைந்திருக்கும். யாரும் அதனை நடவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. சித்திரை வந்தால் அந்த வளைந்த கிளைகளிற் கொத்துக்கொத்தாகச் சிவந்த பூக்கள் மலர்கின்றன. காற்று நின்றபின் மரம் பூக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். துன்பம் முற்றாக நீங்கினால்தான் கடவுளை நம்புவோம் என்று சொல்லுகிறவர்களுக்கு இம்மரம் ஒரு பதில்.

இரண்டாவது பாடம் ஒரு குருவியினுடையது. காஷ்மீரத்து மலைக்காடுகளிற் குஞ்சு பொரிக்கும் சின்னஞ்சிறு ஈப்பிடிப்பான் ஒன்று, குளிர்காலத்தைக் கழிக்க நமது மலைநாட்டுக்கு வருகிறது. நுவரெலியா விக்டோரியா பூங்காவிலே அதனைக் காணலாம். ஆண்குருவியின் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள் நிறம். கைக்குள் அடங்கிவிடும் இச்சிறு பிராணி இந்திய நாட்டின் நீளம் முழுவதையும் கடந்து வந்து, வசந்தம் வந்ததும் அதே வழியிற் திரும்பிப் போகிறது. அதற்குக் களஞ்சியம் இல்லை. ஆனால் அது வாயைத் திறந்துகொண்டு கிளையிற் காத்திருக்கவுமில்லை. விடிந்தது முதல் பொழுது சாயும்வரை பூச்சிகளைத் தேடிப் பறக்கிறது. ஆண்டவர் கண்டித்தது கவலையை; உழைப்பை அன்று. நம்பிக்கை என்ற பெயரிற் சோம்பலுக்கு இடங்கொடுப்பவன் பறவையைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. அதனை மறைத்துவிட்டுப் பிரசங்கம் செய்வது நேர்மையன்று. 2022ம் ஆண்டில் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள்முழுதும் வரிசையில் நின்ற தாயிடம், பூக்களைப் பார், பறவைகளைப் பார் என்று சொன்னால் அது ஆறுதலாகுமா? எதை உண்போம், எதை உடுப்போம் என்பது அவளுக்கு விசுவாசக் குறைவினால் வந்த கேள்வியன்று. அடுப்பிலிருந்து வந்த கேள்வி.

ஆண்டவருடைய போதனையை முடிவுவரை வாசித்தால் விடை கிடைக்கும். பூவோடும் பறவையோடும் அவர் நின்றுவிடவில்லை. அவற்றைவிட மனிதன் மிகவும் மேலானவன் என்று காட்டினார். இறைவனின் அரசையும் அதன் நீதியையும் முதலிற் தேடும்படி பணித்தார். நீதி என்னும் சொல்லை அங்கே வைத்தவர் அவரே. பறவைக்கு உணவூட்டும் தந்தை, பசித்த மனிதனுக்கு உணவூட்ட நம்முடைய கைகளைக் கேட்கிறார். நாம் கையை மடக்கிக்கொண்டு, கவலைப்படாதே என்று அயலானுக்கு உபதேசித்தால், குறை தந்தையினுடையதன்று, நம்முடையது.

ஆதலால் மலையிலிருந்து இறங்கும் வழியும் பாடத்தின் ஒரு பகுதியே. அப்புத்தளைப் பக்கமோ தலவாக்கலைப் பக்கமோ இறங்கினால் பாதையின் இருமருங்கும் தேயிலை. கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு பெண்கள் கொழுந்து எடுக்கிறார்கள். மழையும் அட்டைக்கடியும் அவர்களுக்கு அன்றாடம். அவர்களுடைய முன்னோர் 19ம் நூற்றாண்டிற் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்டவர்கள். 1948ம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 2003ம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அவர்களிற் பலர் பிரசாவுரிமைக்காகக் காத்திருந்தார்கள். இன்றும் எத்தனையோ குடும்பங்கள் பழைய லயன் காம்பராக்களிலேயே வாழ்கின்றன. மேலே ஒரு பூவுக்காக ஒன்பது கிலோமீற்றர் நடந்த நாம், கீழே இவர்களை வாகன யன்னலூடாக ஒரு காட்சியாகப் பார்த்துவிட்டுப் போவதா? பச்சை மலையும் கூடைக்காரியும் சேர்ந்த ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதுமா?

இத்தாலி நாட்டுத் தூரின் நகரத்து இளைஞரான பியர் ஜோர்ஜியோ பிரசாத்தியை இங்கே நினைவுகூர்வோம். செல்வக் குடும்பத்திற் பிறந்தவர். அல்ப்ஸ் மலைகளில் ஏறுவதில் அவருக்கு அளவற்ற ஆசை. ஆனால் மலையிலிருந்து இறங்கியதும் அவர் போன இடம் தம் நகரத்து ஏழைகளின் குடிசைகள். 1925 யூலை 4ந் திகதி, 24 வயதில், இளம்பிள்ளை வாதத்தினால் இறந்தார். அவருடைய அடக்கத்துக்குத் திரண்டுவந்த ஏழைகளைக் கண்டபோதுதான், மகன் செய்துவந்த உதவிகளின் அளவு வீட்டாருக்கே தெரியவந்தது. 2025 செப்டெம்பர் 7ந் திகதி பாப்பரசர் 14ம் லியோ அவரைப் புனிதராக உயர்த்தினார். மலையில் இறைவனைப் புகழ்ந்ததும், சேரியில் அவருக்குப் பணிசெய்ததும் அவருக்கு ஒரே வழிபாடு.

ஆகவே இளைஞர்களே, மலைக்குப் போங்கள். பொலித்தீன் பைகளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பூவைப் பறிக்காதீர்கள், பாட்டுப் பெட்டியின் சத்தத்தாற் பறவைகளை விரட்டாதீர்கள். சிறிது நேரமாவது பேசாமல் நில்லுங்கள். இறங்கி வரும்போது வழியிலுள்ள ஒரு தோட்டத்துச் சிற்றாலயத்தில் இறங்கி, அந்த மக்களோடு திருப்பலியில் பங்குகொள்ளுங்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பெயரைக் கேளுங்கள்; படிப்புக்கு என்ன குறை என்று கேளுங்கள். ஊருக்குத் திரும்பியபின் அதனை மறந்துவிடாதீர்கள்.

பெற்றோரே, பிள்ளைகளின் நாளையைப்பற்றி உறக்கமின்றித் தவிக்கும் நீங்களும் அந்த வளைந்த மரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் பாரம் எவ்வளவு என்பதைத் தந்தை அறிவார். அதிற் பாதியைச் சுமக்க உங்கள் அயலவனை அவர் அழைத்துக்கொண்டிருக்கிறார். அந்த அயலவன் அழைப்பைக் கேட்கவேண்டும் என்று இந்த வாரம் நாம் எல்லோரும் சேர்ந்து மன்றாடுவோம். அந்த அயலவன் நாமாக இருந்தால், மன்றாட்டு முடிந்ததும் எழுந்து போவோம்.