பொறுமை யாருடைய தர்மம்?

கடன்பட்டவனுடைய நெஞ்சு எப்படிக் கலங்கும் என்பதை உவமையாக எடுத்தாளுவது நம்மவர்களுக்கு நெடுநாளாகப் பழகிப்போன விஷயம். கடன் கொடுத்தவனுக்கும் ஒரு நெஞ்சு உண்டு, அதுவும் கலங்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்க நமக்கு அதிகமாகச் சந்தர்ப்பம் வாய்த்ததில்லை; ஏனென்றால் கொடுப்பவன் என்றாலே பெட்டகமும் சாவிக்கொத்தும் உடைய தனவந்தன், வாங்குபவன் என்றாலே கையைப் பிசைந்துகொண்டு திண்ணையோரம் நிற்கும் ஏழை என்ற சித்திரமே எல்லோர் மனத்திலும் பதிந்து கிடக்கிறது. ஆனால் கோயம்புத்தூரில் கணபதியிலோ பீளமேட்டிலோ, இரண்டு மூன்று லேத்துகளை வைத்துக்கொண்டு பம்ப் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறைக்காரரிடம் கால் மணி நேரம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், அந்தச் சித்திரம் தலைகீழாகக் கவிழ்ந்திருப்பது தெரியவரும். அங்கே கடன் கொடுத்திருப்பவர் பட்டறைக்காரர். பட்டிருப்பது பல மாடிக் கட்டிடமும் வாசலில் காவற்காரரும் உடைய பெரிய ஸ்தாபனம். கலக்கம் மட்டும் கொடுத்தவர் பக்கமே வந்து சேர்ந்துவிட்டது.

சரக்குப் போன அன்றைக்கே பில்லும் போய்விடுகிறது. பணம் வருவதற்கு 90 நாள் ஆகலாம், 120 நாளும் ஆகலாம். போன் செய்தால் அக்கவுண்ட்ஸில் இருக்கும் பையன் மரியாதையாகத்தான் பேசுகிறான்: "சார் ஊர்ல இல்லீங்கண்ணா, செக்கு ரெடியாத்தான் இருக்குது, கையெழுத்துத்தான் பாக்கி, வெள்ளிக்கிழமை ஒரு போன் பண்ணிப் பாருங்க." வெள்ளிக்கிழமை கழிந்தால் சனிக்கிழமை, சனிக்கிழமை மாலை வாரக்கூலி கொடுத்தாகவேண்டும். மாதாந்தரம் கணக்குத் தாக்கல் செய்பவரானால், பணம் கைக்கு வந்ததா என்ற கேள்விக்கே இடமில்லாமல், பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.யையும் கட்டியாகவேண்டும், கண்ணால் காணாத வருமானத்துக்குக் கையிலிருந்து வரி. ஆகவே வீட்டு வளையல் நகைக்கடன் கவுண்டருக்குப் போகிறது. அதுவும் முன்னரே போயிருந்தால், வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும் ஆசாமியிடம் அவரே போகிறார்.

சிறு தொழில் செய்பவர்கள் எங்கே நாலு பேர் கூடினாலும் இந்த நாளில் பேச்சு கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. அவர்களுக்குச் சுற்றத்தாரும் பெரியவர்களும் சொல்லும் ஆறுதல் ஒன்றுதான்: பொறுத்தார் பூமி ஆள்வார். இந்தப் பொறுமை தர்மந்தானா என்பதைத்தான் நான் விசாரிக்க விரும்புகிறேன்.

க்ஷமை என்ற குணத்தை நம் முன்னோர் போற்றியபோது, திருப்பி அடிக்கத் திராணி இருந்தும் அடிக்காமல் விடுகிறவனையே மனத்தில் வைத்துப் போற்றினார்கள். திராணி இல்லாதவன் சும்மா இருப்பதற்குப் பொறுமை என்று பெயரிடுவது, அவனுக்குச் செய்யும் உபசாரம் போலத் தோன்றினாலும், உண்மையில் அவனுடைய பணத்தை வைத்துக்கொண்டிருப்பவனுக்குச் செய்யும் உபகாரமாகவே முடிகிறது.

மத நூல்களின் உபதேசங்களும் இந்த இடத்தில் கொஞ்சம் கவனத்தோடு கையாள வேண்டியவை. கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடு என்கிறது குர்ஆன். மத்திய காலத்துக் கிறிஸ்தவப் பண்டிதர்களில் சிலர் ஒரு படி மேலே போய், வட்டி வாங்குகிறவன் காலத்தை விற்கிறான், காலமோ கடவுளுடைய சொத்து, ஆதலால் தனக்குச் சொந்தமில்லாததை அவன் விற்கிறான் என்று வாதித்தார்கள். இவையெல்லாம் பலவானான கொடுத்தவனை நோக்கிப் பலவீனனான வாங்கியவனுக்காகச் சொல்லப்பட்டவை. காலம் கடவுளுடையது என்பது மெய்யானால், பட்டறைக்காரருடைய 90 நாளை வட்டியில்லாமல் எடுத்துக்கொள்ளும் ஸ்தாபனம் யாருடைய சொத்தில் கைவைக்கிறது என்று அந்தப் பண்டிதர்களைக் கேட்டிருந்தால் சுவாரசியமான பதில் கிடைத்திருக்கும். ஆனால் அதே மதங்களுக்குள் வேறொரு குரலும் உண்டு. ஏழைக் கூலிக்காரனின் கூலியைச் சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுத்துவிடு, அவன் அதையே நம்பியிருக்கிறான் என்று உபாகமம் கட்டளையிடுகிறது. கொடுக்க வசதியுள்ளவன் தவணை சொல்லி இழுத்தடிப்பது அநீதி என்று நபிகள் கூறியதாக ஹதீஸ் உண்டு. மனு ஸ்மிருதி அடுக்கும் 18 வழக்குத் தலைப்புகளில் முதலாவதாக நிற்பதே ருணாதானம், அதாவது வாங்கியதைத் திருப்பித் தராத வழக்கு. பொறுமையைப் பிரசங்கம் செய்கிறவர்கள் இந்தப் பக்கங்களை மட்டும் ஏனோ புரட்டுவதில்லை.

இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள், அதை அலட்சியம் செய்வதற்கில்லை. 90 நாள் என்று தெரிந்துதானே ஆர்டரை எடுத்தார், சம்மதித்து வந்தவருக்கு அநீதி எங்கே நேர்ந்தது என்பது கேள்வி. அரிஸ்டாட்டில் தம் நீதி நூலில், புயலில் அகப்பட்ட கப்பலிலிருந்து சரக்கைக் கடலில் எறிகிறவனைப் பற்றிப் பேசுகிறார். எறிவது அவன் கைதான், அந்த வேளையில் அதை அவனே தேர்ந்தெடுக்கிறான். ஆயினும் சும்மா இருக்கும்போது எவனும் தன் சரக்கைத் தானாகக் கடலில் போடமாட்டான். அக்வினாஸ் இதையொட்டி, வட்டி கொடுக்கிறவனுடைய சம்மதமும் முழுச் சம்மதமன்று, தேவையின் நெருக்கடியால் வந்தது என்றார். பட்டறைக்காரருடைய சம்மதம் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. லேத்துக்கு வாங்கிய கடனின் மாதத் தவணை ஒரு பக்கம், வேலையில்லாமல் உட்கார்ந்தால் வேறு பட்டறைக்குப் போய்விடும் ஆட்கள் ஒரு பக்கம் என்று நிற்கிறவர் தலையாட்டியதை, சாவகாசமாக யோசித்துச் செய்த ஒப்பந்தம் என்று கொள்ள என் மனம் இடம் தரவில்லை.

அரசாங்கம் இதை உணராமல் இல்லை. 2006-ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டம், எப்படி ஒப்பந்தம் செய்துகொண்டாலும் 45 நாளுக்குமேல் போகக்கூடாது என்றும், போனால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை மாதாமாதம் கூட்டிக் கொடுக்கவேண்டும் என்றும் விதித்தது. விதி ஏட்டில் இருந்தது. பட்டறைக்காரர் புகார் எழுதவில்லை. எழுதினால் பாக்கி வரும், அடுத்த ஆர்டர் வராது. பிறகு 2023-ஆம் வருஷத்து நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்து, குறு, சிறு தொழில்களுக்குக் காலத்தில் கொடுக்காத தொகையை, அதைக் கொடுத்துத் தீர்க்கிற வருஷம் வரையில் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது என்று செய்தது. கடவுளுக்கு அஞ்சாதவர்களும் மார்ச் மாதத்தில் ஆடிட்டருக்கு அஞ்சினார்கள். பழைய பில்கள் சில அசைந்தன. கூடவே, குறு, சிறு தொழில் என்று அரசாங்கத்திடம் செய்துகொள்ளும் உத்யம் பதிவு உள்ளவரிடம் சரக்கெடுப்பதே தொந்தரவு, பதிவில்லாதவரைத் தேடலாமே என்ற பேச்சும் எழுந்தது. பாதுகாப்புக்காக எடுத்த சான்றிதழையே ஒளித்து வைக்கலாமா என்று சிலர் யோசிக்கும்படி ஆயிற்று.

பட்டறைக்காரரும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி அல்லர். அவருக்கு முலாம் பூசிக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இவர், "அங்க வந்ததுமே குடுத்தர்றேனுங்க" என்கிறார். தமக்கு வராததால் தாமும் கொடுக்கமுடியவில்லை என்பது காரணமாகுமே தவிர நியாயமாகாது. ஆயினும் உள்ளவன் தராததையும் இல்லாதவன் தராததையும் ஒரே தராசில் நிறுப்பது எனக்குச் சம்மதமில்லை. சனிக்கிழமைக் கூலியை மட்டும் எப்பாடுபட்டாவது கொடுத்துவிடுகிறவர்கள் அவர்களில் அநேகர். அதற்காக அவர்களைப் புகழ்வது சரிதான். வளையல் அடகுக்குப் போனதை ஒரு தியாகமாக வர்ணித்து, அதை அங்கே அனுப்பியவன் யார் என்று கேளாமல் விடுவதுதான் சரியில்லை.

பில்களை நிறுத்தி வைக்கும் ஸ்தாபனங்களில் சில தான தர்மத்தில் குறைவைக்காதவை என்பது இதில் விசேஷம். கும்பாபிஷேகத்துக்குக் கொடுக்கிறார்கள், அன்னதானத்துக்குக் கொடுக்கிறார்கள், சலவைக்கல்லில் பெயர் பொறிக்கப்படுகிறது. தன் குடும்பத்தார் கஷ்டப்படும்போது பிறருக்கு அள்ளிக் கொடுப்பது தர்மத்தின் போலி என்று மனு ஸ்மிருதியே சொல்கிறது. இஸ்லாமியச் சட்டத்தில் இறந்தவருடைய சொத்திலிருந்து கடனைத் தீர்த்த பிறகே மரண சாசனமும் வாரிசுகளின் பங்கும் வருகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நன்கொடை ரசீது எழுதிய தேதியில் 45 நாள் கடந்து நின்ற பாக்கி எவ்வளவோ, அவ்வளவுக்கு அந்த அன்னதானத்தைச் செய்தவர் பட்டறைக்காரரே என்பது என் அபிப்பிராயம். திருப்பணிக் குழுவினர் நன்கொடையை வாங்கிக்கொள்ளும்போது இதை விசாரிப்பது வழக்கமில்லை. விசாரித்தால் மரியாதைக் குறைவு என்பார்கள்.