பழுது காணலும் அறமும்

பழுதைத் திருத்துதல் நற்பணி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயின், திருத்துமுன் அதனைக் காணவேண்டும். காணும் கடமை, முறையீடு எழுந்த பின்னரே பிறக்கிறதா? இவ்வினாவை ஆராய உயிர்க்கலம் துணைசெய்யும்.

புத்தளம் உப்பளங்களில் உப்பு வாருவோரின் தோலை நாள்முழுதும் வெயில் தாக்குகிறது. அவ்வெயிலின் புற ஊதாக் கதிர்களால், தோற்கலத்தின் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள இரு தைமின்கள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுதல் உண்டு. ஏறத்தாழ 300 கோடி இணைகள் கொண்ட மனித மரபுத்தொகுதியில் இச்சிறு பழுது எவ்வாறு அகப்படுகிறது?

வழிகள் இரண்டு. ஒன்று, உலாவித் தேடுதல். காவற் புரதங்கள் இழைநெடுகச் சென்று, இணை தளர்ந்த இடங்களை நாடுகின்றன. தைமின் பிணைப்பு இழையைச் சிறிதே கோணச் செய்வதால், அதனை இனங்காணத் தனியொரு புரதமும் வேண்டியுள்ளது. பின்னர், பழுதை உள்ளடக்கிய ஏறத்தாழ 30 அலகுகள் வெட்டி நீக்கப்பட்டு, எதிரிழையைப் பார்த்து இடைவெளி நிரப்பப்படுகிறது. இவ்வெட்டுமுறையை விளக்கிய அசீஸ் சஞ்சார் 2015 இல் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மற்றையது, தடையால் அறிதல். பரம்பரையலகைப் படியெடுக்கும் நொதியம் பழுதில் முட்டி நின்றுவிடுகிறது. அந்நிற்றலே திருத்துவோரை அழைக்கிறது. செயற்படும் பரம்பரையலகு விரைவாகத் திருத்தம் பெறுவதை 1985 இல் பிலிப் ஹனவால்ட் குழுவினர் காட்டினர். வாசிக்கப்படாத பகுதிகளோ காத்திருக்கின்றன.

சமுதாயத்திலும் இவ்வாறு காத்திருப்போர் உளர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பெருந்தொகையினர் இதே புத்தளக் கரையிலே தஞ்சம் புகுந்தனர். பலர் முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். போர்ச்செய்திகள் நாளும் வாசிக்கப்பட்ட நாட்டில், அவர்தம் இழப்பு நெடுங்காலம் வாசிக்கப்படாத ஏடாகவே கிடந்தது.

அனைத்தையும் ஒருங்கே காணல் இயலாது, அவசரமானதே முதலில் என்பர் சிலர். அது பொருந்தும். எனினும், வரிசை வேறு, மறதி வேறு. கலமும் வாசிக்கப்படாத பகுதிகளை உலாவிக் காப்பதைக் கைவிடுவதில்லை. அவ்வுலா மட்டும் பிறவியிலேயே குன்றியோர், தடையால் அறியும் வழி செவ்வனே இருந்தும், இளவயதிலேயே தோற்புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். மௌனமான பழுது தீங்கற்றதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கலம் தான் பிழைத்திருப்பதற்காகத் தேடுகிறது. அதற்கு அறமில்லை, ஆதலால் பழியுமில்லை. மனிதனுக்கோ இரண்டும் உண்டு. தன் நலத்திற்கு ஊறு நேராதபோதும், முறையிட வலியற்றோரின் காயத்தைத் தானே தேடிச்செல்லுதல் அவன் கடன். முறையீட்டுக்காகக் காத்திருக்கும் நீதி, குரலுடையோருக்கு மட்டுமே நீதியாகும்.